இதர

'இசைக்கருவி' கட்டத்தைக் காலியாக விட்டால்
பக்கம் நகராது.
நூர்நிஷா 'வாய்' என்று தட்டிப் பார்த்தாள். சிவப்புக் கோடு.
பட்டியலின் அடியில் கிடந்தது 'இதர'.
அதுதான் நாங்கள், ஐந்து பேரும்.

காளவாசலில் பேட்டரிக் கடை மாடி.
ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்துப் பாடியது.
பழைய சினிமாப் பாட்டுக்கு உரிமம் கேட்டோம்;
அவர்கள் சொன்ன தொகைக்குக்
கீழே இருக்கும் கடையையே வாங்கலாம்.
அதனால் மெட்டும் எங்களுடையதே.

வெளியான மூன்றாம் நாள் வந்தது கடிதம்:
நாற்பத்தோராம் நொடியிலிருந்து கேட்கும் டிரம்
எங்கள் கம்பெனிக்குச் சொந்தம்.

அந்த நொடியில் இருப்பது
ஜெரால்டின் கீழுதடு.
ஹைஹாட் என்று கேட்பது
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பந்து பட்டு
முன்பல் உடைந்த சந்து.

'ஆதாரம் இணைக்கவும்.'
பல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயை இணைத்தோம்.
முன்னூறு ரூபாய் ரசீதும் இருக்கட்டுமே என்றான் கெங்காராம்.

பதினெட்டு நாள் கழித்து
கோரிக்கை விலக்கப்பட்டது. விளக்கம் இல்லை.
காலாண்டு வரவு
அறுபத்தோரு ரூபாய் பதினைந்து பைசா.
ஆளுக்கொரு டீ. வடை கிடையாது.

மெத்தையை மீறி உள்ளே வந்த
திருமங்கலம் பஸ்ஸின் ஹாரன்
இரண்டாம் நிமிடத்தில் இருக்கிறது.
அதை மட்டும் இன்னும்
யாரும் கேட்டு வரவில்லை.