விளிம்புக்கு இரண்டு விரல் கீழே

வருஷத்துக்கு இருமுறை
ஹெலிகாப்டரில் வந்திறங்கும் போதகர்
இந்த முறையும் அதையே பிரசங்கித்தார்:
நிரம்பி வழிகிற பாத்திரம்.
ஆசீர்வாதம் என்றால் வழிவது என்றார்,
வழிந்து அடுத்தவர் காலடிவரை போவது.

மூன்றாம் பெஞ்சில் நான் சிரித்துவிட்டேன்.
பிபியானே முழங்கையால் இடித்தாள்.

உப்பர்நாவிக்கிற்கும் வடக்கே
ஐம்பத்து மூன்று பேர், அதற்கு இரண்டு மடங்கு நாய்கள்,
ஒரே குழாய்.
தண்ணீர்க் கொட்டகையின் சாவி
என் கழுத்தில், சிலுவைக்குப் பக்கத்தில்.
இரண்டும் நடக்கும்போது உரசிச் சத்தமிடும்.
இங்கே வழிவதெல்லாம் உறைந்துவிடும் ஐயா.
வழிந்த ஆசீர்வாதத்தைக்
கோடரியால் கொத்தி எடுக்கிறவள் நான்.

முந்தின குளிர்காலத்தில்,
சூரியன் கடைசியாக எட்டிப்பார்த்துவிட்டுப் போன வாரம்,
பாட்டு ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதென்று
விளிம்புவரை நிரப்பித் தூக்கிக்கொண்டு ஓடினேன்,
உதட்டில் ஸ்தோத்திரம்.
வாளி சிந்தியது. சிந்தியதைப் பார்த்தேன்.
திரும்பி வரும்போது மணல் போடலாம் என்று நினைத்தேன்.
நினைத்தேன், அவ்வளவுதான்.

காலேராக் விழுந்த சத்தம்
எங்கள் ஆல்டோ குரல்களைத் தாண்டி வரவில்லை.
நாய்கள்தான் சொல்லின.

இடுப்பெலும்பு. நூக் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம்.
திரும்பி வந்தவனிடம் போய்ச் சொன்னேன்:
அது என் வாளி.
"தெரியும்" என்றான்.
"பனியில் உன் பூட்ஸ் தடம் உறைந்திருந்தது.
யாராவது வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
பார்க்க வேறொன்றும் இல்லை."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை; கேட்டால்
அதையும் அவனே தரவேண்டியதாகிவிடும்.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு
இரண்டு வாளி, ஐம்பத்தாறு மரப்படி.
அவன் கதவைத் திறப்பதில்லை; பூட்டுவதுமில்லை.
பீப்பாயில் ஊற்றுகிறேன்.
இரும்பு வாடை என்பான்.
மூடியை ஏன் இப்படி அறைகிறாய் என்பான்.
ஒருநாள் கேட்டான்,
ஜெபம் பண்ணிக்கொண்டா ஏறுகிறாய்?
இல்லை, படி எண்ணுகிறேன் என்றேன்.
பொய்யில்லை. எப்போதோ இரண்டும் ஒன்றாகிவிட்டன.
இருபதாம் படியில் அவன் இடுப்புக்கு.
முப்பதில், டென்மார்க்குக்குப் போய்
போன் எடுக்காத அவன் மகளுக்கு.
நாற்பதுக்கு மேல் மூச்சு வாங்கும்,
கர்த்தாவே என்பதோடு சரி.

இப்போது வாளியை நிரப்புவதில்லை.
விளிம்புக்கு இரண்டு விரல் கீழே குழாயை மூடுகிறேன்.
அந்த இரண்டு விரல் இடத்தில்தான்
தண்ணீர் அலைந்து, மோதி, திரும்பி,
சிந்தாமல் வீடுவந்து சேர்கிறது.

போதகரிடம் இதைச் சொல்லலாம் என்று
இறங்குதளம்வரை போனேன்.
விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது.
கையசைத்தார். நல்ல மனிதர்.
அவர் ஊரில் வழிந்தால் போக
வடிகால் இருக்கும்.

அடுத்த செவ்வாய், மலைக்கு மேலே
சூரியன் ஒரு நகத்தளவு.
வாளிகளோடு ஏறினேன்.
நாற்பதுவரை வழக்கமான பனி.
நாற்பத்தொன்றாம் படியில்
காலடியில் ஏதோ கரகரத்தது.
மணல்.
மேலிருந்து கீழே தூவியிருக்கிறார்கள்,
படிக்கொரு கைத்தடிக் குழி,
ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று ஆழம்.
அதற்குக் கீழே இறங்க முடியவில்லை போலும்.

உள்ளே போய் ஊற்றினேன்.
அவன் சட்டைக் கையில் மணல் ஒட்டியிருந்தது.
"இரும்பு வாடை" என்றான்.
"ஆமாம்" என்றேன்.
மூடியை மெதுவாக வைத்தேன்.