மண்தரைக்கு எத்தனை மதிப்பெண்

நான் குடிப்பதில்லை.
பன்னிரண்டு வயதில், உறுதிபூசுதல் அன்று
ஆயர் முன் நின்று கொடுத்த வாக்கு.
கோட்டு மடிப்பில் சிவப்பு இருதய ஊசி
இன்னும் இருக்கிறது.
அதனால்தான் பேரேடு என்னிடம்.
எழுதுகிற கை ஆடக்கூடாதாம்,
கார்க் மாவட்டத்தின் இந்த மேற்கோரத்தில்.

நாலாம் கிடங்கு.
வெளிச்சுவரில் ஆவி குடித்தே கொழுத்த கரும்பூஞ்சை.
உள்ளே ஒற்றை விளக்கு, ஈர மண்தரை,
டெர்வ்லா ஹெனகன், ஃபின்பார் லூபி,
துப்புவதற்கு ஒரு தகர வாளி.

இன்றைக்கு மூன்று பீப்பாய்.
மூன்றுக்குள்ளும் ஒரே கொப்பரையில்
மும்முறை வடிந்த ஒரே மால்ட்.
இரண்டாயிரத்தெட்டு, நவம்பர் பதினான்கு.
என் கையெழுத்துதான், மை மட்டும் வெளிறிவிட்டது.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
தத்துப்போன வீடுகள்தான் வேறு.

முதலாவது, போர்பன் இருந்த பீப்பாய்.
டெர்வ்லா குவளையை ஒரு சுற்றுச் சுற்றி
மூக்கை நுழைத்தாள். "வெனிலா."
அதை யார்தான் சொல்லமாட்டார்கள்.
பிறகு, "பேரிக்காய்த் தோல். இழைப்புளிச் சுருள்.
மழை விட்டபின் கொடியில் மறந்த துணி."
லூபி ஒரு துளி தண்ணீர் விட்டான்,
வாயில் உருட்டினான், துப்பினான்.
"நல்ல பிள்ளை. கூப்பிட்டால் வரும்."
எண்பத்தாறு. எழுதினேன்.

இரண்டாவது, ஷெர்ரி.
இங்கேதான் சண்டை.
அவளுக்கு உலர்ந்த அத்தி, வாதுமை,
மெழுகு தேய்த்த தேவாலய இருக்கை.
அவனுக்கு அணைந்த தீக்குச்சி.
அது மணம் என்கிறாள்.
நெடி என்கிறான்.
"எவனோ ஸ்பானியன் உள்ளே கந்தகத் திரி கொளுத்தியிருக்கிறான்,
நீ அதைத் தேவாலயம் என்கிறாய்."
"அங்கேயும் திரி அணைப்பார்கள், லூபி.
நீ போனால்தானே தெரியும்."
எழுபத்திரண்டு என்றான். தொண்ணூற்றொன்று என்றாள்.
கூட்டிப் பாதியாக்கினேன்.
எண்பத்தொன்றரை, இருவருமே நம்பாத எண்.
பேரேட்டில் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

மூன்றாவது, மதீரா.
கீழ்வரிசை, சுவரோரம்.
அடைப்பைத் தட்டிக் கழற்றி
செம்புக்குழலை இறக்கினான் லூபி.
கட்டைவிரலால் வாயை மூடித் தூக்கி
குவளைமேல் விரலை எடுத்தான்.
ஒன்றும் விழவில்லை.
இன்னொரு முறை இறக்கினான்.
அடிப்பலகையில் செம்பு இடித்தது கேட்டது.
ஒரு கையால் உருட்டிப் பார்த்தான்,
பஞ்சுமூட்டைபோல வந்தது.
இரண்டு பலகை சேருமிடத்தில்
ஊசிமுனை அளவு ஓட்டை. ஏதோ புழு.
பதினைந்து வருடம், துளித்துளியாக,
யாரும் குவளை நீட்டாமல்.

காற்று எடுத்துக்கொள்வது தேவதைகளின் பங்கு.
ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு,
கணக்கில் அதற்குத் தனிப் பத்தி உண்டு.
மண்ணுக்குப் பத்தி இல்லை.

லூபி ஐரிஷில் கெட்ட வார்த்தை ஒன்றைத் தொடங்கினான்.
முடிக்கவில்லை.
டெர்வ்லா முட்டிபோட்டிருந்தாள்,
கூந்தலை ஒரு கையில் அள்ளிப் பிடித்தபடி
தரையில் மூக்கு.
நெடுநேரம்.
வெனிலா என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.
லூபியும் இறங்கினான். வயதான முட்டி
இரண்டு முறை சொடுக்கியது.
"தொண்ணூற்றாறு," என்றான் தரையிடம்.
"ஏழு," என்றாள்.
அவன் மறுக்கவில்லை.

முகர்ந்தால் குடித்ததாகுமா?
ஆயரிடம் கேட்டிருக்கலாம்,
பன்னிரண்டு வயதில் அது தோன்றவில்லை.
பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.
ஊசி மண்ணில் படாமல்
கோட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

எழுந்ததும் எழுதினேன்:
மதீரா. கசிவு. இருப்பு இல்லை.
என் மதிப்பெண்ணும் அங்கே இருக்கிறது,
பென்சிலில், ஓரத்தில்,
பக்க எண் என்று நினைத்துக்கொள்ளும்படி.