எட்டு மணிக்கு எக்காளம்

பஸ்ஸுக்குள் வாந்தி எடுத்தால் நாற்பது யூரோ.
கப்பலிலிருந்து இறங்கிய கையோடு
மைக்கில் இதைத்தான் முதலில் சொல்வேன்.
சிரிப்பார்கள். எப்போதும் சிரிப்பார்கள்.

இந்த வாரம் பிரெஸ்டன் நகரத்து டார்ட்ஸ் கிளப்,
முப்பத்தெட்டு பேர், ஒரே பச்சையில் பனியன்.
ஈப்பர் என்ற எங்கள் ஊரை
வைப்பர்ஸ் என்கிறார்கள்,
அவர்களுடைய தாத்தாக்களின் அப்பாக்கள் சொன்னது போலவே.
மழை தூறுகிறது.
என் முன்கண்ணாடியில் அதே சொல்
இடமும் வலமும் ஆடுகிறது.

வெள்ளி இரவு எட்டு மணிக்கு எக்காளம்.
சனி காலை ஒன்பதுக்குக் கல்லறை,
பதினொன்றரைக்குச் சாக்லேட் கடை
(நூற்றுக்கு ஐந்து எனக்கு, மறைப்பானேன்),
சாப்பாட்டுக்குப் பின் பதுங்குகுழி.
இரண்டு நாளும் பத்து மணிக்கு மேல்
அவரவர் விருப்பம் என்று
தாளில் அச்சடித்திருக்கிறது.

வளைவுக்கு அடியில் நின்றார்கள்.
ஐம்பத்தையாயிரம் பெயருக்கு நடுவில்
உருளைக்கிழங்கு வறுவல் வாசனையோடு நின்றார்கள்.
அழுதார்கள். பொய்யில்லை,
முப்பது வருடமாகப் பார்க்கிறேன்,
பொய் அழுகை எனக்குத் தெரியும்.
எக்காளம் அடங்கிய பன்னிரண்டாம் நிமிடம்
முதல் கோப்பை நுரைத்தது.

கோபப்பட்ட வருடங்களும் உண்டு எனக்கு.
ஒரு முறை பாதி வழியில் வண்டியை நிறுத்தி
இறங்கிப் போய் வயலோரம் சிகரெட் பிடித்தேன்.
பீட்ரூட் வயல். மின்கம்பத்தடியில் இரண்டு குண்டுகள்,
ஏர் முனையில் தட்டுப்பட்டவை,
பால்காரனுக்குக் காலிப் பாட்டில் வைப்பது போல்
ராணுவம் வந்து எடுத்துப்போக
யாரோ வரிசையாக வைத்திருந்தார்கள்.

கோடெலீவ், என் மனைவி, ஹோட்டலில் படுக்கைவிரிப்பு துவைக்கிறவள்.
அவளுக்குக் கோபமில்லை.
"அந்தப் பையன்களுக்கும் போபரிங்கேயில் மூன்று நாள் லீவு.
முட்டை, உருளைக்கிழங்கு, மட்ட ஒயின்,
விளக்கெரிந்த மாடிகள்.
பிறகு வண்டி ஏற்றினார்கள்.
அதே அட்டவணைதான் யோஸ்,
கல்லறையை மட்டும் கடைசியில் வைத்திருந்தார்கள்."
சொல்லிவிட்டுத் தலையணை உறைகளை எண்ணப் போய்விட்டாள்.

சனிக்கிழமை டெரன்ஸ் த்ரெல்ஃபால்
கல் கல்லாகத் தேடினான்.
கையில் அவன் அத்தை எழுதிக் கொடுத்த எண்.
மணிக்கட்டில் ஊதா நிறத்தில் ஒரு பூநாரை,
இரவு ஆடிய இடத்தின் முத்திரை,
வியர்வையில் ஒரு கால் கரைந்திருந்தது.
வரிசை தவறு, எண் தவறு,
கடைசியில் பார்த்தால் கல்லறைத் தோட்டமே தவறு.
அவனுடைய ஆள் இருப்பது பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி.
சாக்லேட் கடைக்கு நேரமாகிவிட்டது.
ஹார்ன் அடிக்கலாமா என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

பெயர் இல்லாத ஒரு கல்லின் முன் நின்று
"இவரையே வைத்துக்கொள்ளட்டுமா?" என்றான்,
சந்தையில் நாய்க்குட்டி கேட்பவன் மாதிரி.
நான் என்ன சொல்ல. ஓட்டுநர்.
எடுத்துக்கொள் என்றேன்.

பையைத் தடவினான். பூ இல்லை.
பியர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்று இருந்தது,
நடுவில் ஈர வட்டம் காய்ந்த அட்டை.
அதைப் புல்லில் சாய்த்து வைத்தான்.
பிறகு எல்லோரும் கத்த ஆரம்பித்ததால் ஓடி வந்தான்.

திங்கட்கிழமை தோட்டக்காரர் அதை எடுத்துவிடுவார்.
நல்ல மனிதர். கத்தரிக்கோலால் விளிம்பு வெட்டுகிறவர்.

ஞாயிறு மாலை துறைமுகத்தில் அவர்களை இறக்கினேன்.
அபராதம் யாருக்கும் இல்லை.
இருக்கைகளுக்கு அடியில்
மூன்று காகிதப் பாப்பிகள், ஒற்றைச் செருப்பு,
யாரோ கடித்து வைத்த சாக்லேட் படைவீரன், தலை மட்டும்.
தின்றுவிட்டேன். நல்ல சாக்லேட்தான்.

வியாழக்கிழமை லீட்ஸிலிருந்து நாற்பத்தொரு பேர்,
செவிலியர்கள், பிறந்தநாள் கொண்டாட்டமாம்.
அட்டவணையை முன்னே பின்னே நகர்த்த முடியுமா என்று கேட்கிறார்கள்.
எல்லாவற்றையும் நகர்த்தலாம் என்று எழுதினேன்,
எக்காளத்தைத் தவிர.