கால் சுற்று

பெட்டி போலந்திலிருந்து வந்தது,
கழற்றிப் போட்ட கைபேசிக் கோபுரத்தின் வயிற்றிலிருந்து.
ஓரத்தில் யாரோ பென்சிலால் ஒரு தேதி,
கூடவே ஒரு கேள்விக்குறி.
உள்ளே, கட்டைவிரல் அளவுக் குமிழில்
துளி ருபீடியம்.
மின்சாரம் கொடுத்தால் ஊதாவாக விழித்துக்கொள்ளும்,
ஐந்து நிமிடம் தடுமாறி, சட்டென்று பிடி கிடைத்ததும்
நொடிக்கு ஒரு கோடி அசைவு.
ஒரு கோடிதானா என்று பார்ப்பது என் வேலை.

எங்கள் ஃபியோர்டில் நவம்பர் கடைசியிலிருந்து சூரியன் இல்லை.
தெற்கே மலை. மலைக்குப் பின்னால்
அது நடந்துபோவது மட்டும் தெரியும்,
பக்கத்து அறையில் யாரோ விளக்கோடு நடப்பதுபோல.
வடக்கே வானம் திறந்துதான் கிடக்கிறது.
ஐஸ்லாந்தின் உச்சிவரை செயற்கைக்கோள்கள் ஏறுவதில்லை,
பாதியில் திரும்பிவிடும்.
கூரைமேல் ஆன்டெனாவுக்கு மிஞ்சுவது
கிழக்கில் ஒரு துண்டு, மேற்கில் ஒரு துண்டு.
ஆறு கோள் அகப்பட்டால் அன்று நல்ல நாள்.

வானத்துக் கடிகாரத்துக்கு நடுக்கம்.
முன்னே பின்னே இருபது நானோ நொடி தள்ளாடும்,
ஒரு சொல்லை நம்ப முடியாது.
ஒரு நாள் முழுக்கப் பேசவிட்டால் பொய் சொல்லாது.
பெட்டிக்குள் இருப்பது வேறு ரகம்:
கை நடுங்காது, குரல் உயராது,
நிதானமாக, மரியாதையாக,
மாதக்கணக்கில் வழி தவறும்.
இந்த இரண்டாவது ரகத்தோடு
பதினொரு வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

அலைகாட்டித் திரையில் இரண்டு துடிப்பையும்
அருகருகே நிறுத்தினேன்.
ஒன்று நின்றது, மற்றது நகர்ந்தது.
நகர்வதைக் கண்ணால் பிடிக்க முடியாது.
காப்பி போட்டு, குடித்து, கோப்பை கழுவி வந்தால்
ஒரு கட்டம் தள்ளி நிற்கும்,
ஒன்றும் நடக்காததுபோல.
ஆயிரம் நொடிக்கு ஐம்பது நானோ நொடி.

பக்கத்துத் துளையில் ஒரு திருகு.
அதைத் தொட்டால் உள்ளே காந்தப்புலம் மாறும்,
அணு கொஞ்சம் மனம் மாறும்.
கால் சுற்று.
கையை எடுத்தேன். ஒரு நாள் காத்திருந்தேன்.
பதினொன்று.
இன்னும் ஒரு நகத்தின் அகலம்.
அடுத்த நாள் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது,
மாலை நான்கு மணிவரை.

நான்கு மணிக்கு வளைந்தது.
ஆன்டெனாவில் பனியோ என்று ஏணி ஏறினேன்.
பனி இல்லை, அண்டங்காக்கையின் கால்தடம் மட்டும்.
கேபிளை ஆட்டிப் பார்த்தேன்.
ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தபோது
முதுகில் குளிர்.
அப்பக்கல் இரவல் கேட்டு வந்த ஹாவ்லிதி
கதவைச் சாத்தாமல் போயிருக்கிறான்.
இரண்டு டிகிரி, அவ்வளவுதான்.
ஒரு மனிதனின் மறதியை
பதினோராவது தசமத்தில்
குறித்து வைத்திருந்தது பெட்டி.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மறுநாள் இருபத்தைந்து.
மலை இடுக்கில் சூரியன் திரும்பும் நாள்,
ஊரே அப்பம் சுடுகிறது.
பஞ்சாங்கம் நிமிடம்வரை போட்டிருக்கிறது.
மேகம் வந்தால் வெயில் விழாது,
விழாவிட்டாலும் அப்பம் தின்போம்.

கதவைச் சாத்தினேன்.
ஒரு மணி நேரத்தில் கோடு தன் இடத்துக்கு வந்தது.
மிச்சம், ஆயிரம் நொடிக்கு இரண்டு.
திருகில் இன்னும் இடம் இருக்கிறது.
பென்சிலை எடுத்து, போலந்துத் தேதிக்குக் கீழே
என் தேதியை எழுதினேன், அந்த இரண்டையும் எழுதினேன்.
கேள்விக்குறியை அழிக்கவில்லை.

மறுநாள் அப்பக்கல்லோடு வந்தான் ஹாவ்லிதி.
கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு
வெளியிலேயே நின்றான், பயம்.
அவன் காதோரம் மஞ்சளாக இருந்தது.
“ஸ்டெய்ன்வோர், வெயில் எத்தனை மணிக்கு விழுந்தது?”
என்றான் கண்ணாடி வழியே.
கடிகாரம் பார்க்கவில்லை என்றேன்.