ஹூப்ளியில் முப்பத்தொன்று

விழித்துக்கொள்ள நாலு நிமிஷம் ஆகிறது.
எஸ்.பி. ரோட்டில் ஏழாயிரத்துக்கு எடுத்த பெட்டி.
இருக்கிற இரண்டு ஜி.பி.யில்
மேகம் காட்டுகிறது, செய்தி சொல்கிறது,
ஜன்னலைச் சுருக்கினால்
மாடிப்படி இறங்கும் மணப்பெண்போல
அசைந்து அசைந்து போகிறது.

ஈஜிபுராவில், முடியாத பாலத்தின் நிழலில்
ஆறடிக்கு எட்டடி கடை.
அமலோற்பவம் வந்து உட்கார்ந்திருக்கிறாள்,
மடியில் ரேஷன் கார்டு.
சர்வர் டவுன்க்கா, செத்த இருங்க.

சும்மா இருக்கும் கை
ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கியது.
அசைவுகள், வேண்டாம்.
கண்ணாடிப் பட்டை, வேண்டாம்.
கூப்பிடாமலே என்ன உதவி என்று கேட்பவள்,
அவளும்.
முந்தைய சொந்தக்காரரின் ஊர் வானிலை:
ஹூப்ளியில் முப்பத்தொன்று, வெயில்.
ஆறு மாதமாய் அதைப் பார்த்துத்தான்
மொட்டைமாடியில் துணி போட்டிருக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
அடுத்து, ஜன்னல்களின் அடியில் விழும் நிழல்.

"நெழலுக்குக்கூடவா செலவு?" என்றாள்.
ஆமாங்க்கா, எல்லாம்
கண்ணுக்குத் தெரியாம உக்காந்து
ஞாபகத்தைத் தின்னும்.
அவள் கார்டின் உறையை நீவிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு தடவையும் அது எச்சரிக்கிறது:
இதை நிறுத்தினால்
சில வசதிகள் கிடைக்காமல் போகலாம்.

சர்வர் வந்துவிட்டது.
பெயர் நீக்கம்: சூசைராஜ், கணவர், வயது 52.
காரணம் என்ற பெட்டியைத் திறந்தால் மூன்றுதான்.
இறப்பு. திருமணம். இடமாற்றம்.

"சாவலை.
கல்யாணமா, அத அவனத்தான் கேக்கணும்.
கே.ஆர். புரத்துல இருக்கான், ஒரே பஸ்ஸு."

அம்புக்குறி இறப்பின்மேல் போய்
ஒரு நொடி நின்றது. நான் நிறுத்தவில்லை,
பெட்டி அப்படி.
சிரித்துவிட்டாள்.
"வேணாம்ப்பா, நாளைக்கு வியாழக்கிழமை,
கோயிலுக்குப் போவணும்.
ரெண்டாவது தெருவுக்குப் போனாலும்
இடமாற்றந்தானே? அதையே போடு."

மாசம் அஞ்சு கிலோ அரிசி குறையும்க்கா.

"அவன் தின்னது எட்டு."

அச்செடுத்தேன். பத்து ரூபாய்.
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு
பாலத்துத் தூண்களுக்கு நடுவே போனாள்.

காலையில் ஐம்பது நொடியில் எழுந்தது.
வெறும் நீலம். ஓரத்தில் மணி மட்டும்.
வாளி நிறைய துவைத்த துணியோடு
வெளியே வந்து நிமிர்ந்து பார்க்கிறேன்.
பாதி வானத்தைப் பாலம் மறைக்கிறது.
மீதியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.