எல்லநள்ளியில் மைனஸ் ஒன்று

மூன்று நாளாய் அது சொடக்குப் போடுகிறது.
டிக். டிக். டடக்.
மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி டிக்.
காதை வைத்துக் கேட்டேன்.
உள்ளே யாரோ நமுத்த தீக்குச்சியை
விடாமல் உரசுகிறார்கள்.

ஒரு டெராபைட். நாற்பத்தோரு கல்யாணம்,
ஒன்பது மஞ்சள் நீராட்டு, ஒரு நாய்க்குப் பிறந்தநாள்.
குன்னூர் தங்கராசு மகள் ஆல்பத்துக்கு
அட்வான்ஸ் ஆறாயிரம் வாங்கியிருக்கிறேன்,
அது செலவாகிவிட்டது.

கோயம்புத்தூரில் பிரித்துப் பார்ப்பார்களாம்,
பார்ப்பதற்கே இருபத்தெட்டாயிரம்.
விலையைச் சொல்லிவிட்டு அந்தப் பையன்
"மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்றான்.

வேறு கேபிள் போட்டேன். வேறு துளை.
கவிழ்த்து வைத்தேன், பக்கவாட்டில் நிறுத்தினேன்.
ஒரு தட்டுத் தட்டினேன்,
ஏப்பம் வராத பிள்ளையின் முதுகில் தட்டுகிற அளவுக்கு.
டடக்.

ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால்
ஒரே ஒருமுறை எழுந்து ஓடும் என்றான்
டிவி ரிப்பேர் சேவியர்.
"ஓடலன்னா என்னைக் கேக்காதீங்க" என்றும் சொன்னான்.
எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடி ஆறு வருடம்,
உள்ளே ஐசக்கின் ஸ்வெட்டர்கள்.

ஆனால் இது ஜனவரி.
விடியுமுன் கேரட் பாத்திமேல் இறங்குகிற வெள்ளைக்குக்
கரண்ட் பில் கிடையாது.
ஜிப் கவரில் ஒரு பிடி அரிசியோடு போட்டு,
கவரை டிபன் பாக்ஸில் வைத்து,
கரடி தூக்கிப்போகாமல் இருக்க
மேலே பழைய கிளட்ச் பிளேட்டை ஏற்றினேன்.

மூன்று மணிக்கு மேட்டுப்பாளையம் லோடுக்குக் கிளம்பிய ஐசக்
ஹெட்லைட்டில் அதைப் பார்த்துவிட்டு
"வெளிய யாருக்குச் சோறு வச்சிருக்க?" என்றார்.
"ஹார்ட் டிஸ்க்" என்றேன்.
ஒன்றும் சொல்லாமல் கியர் போட்டார்.

ஆறு மணிக்குப் புல் வெள்ளை, டப்பா வெள்ளை.
மூடி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
கேபிள் நுழைகிற அளவுக்கு மட்டும்
கவரின் வாயைத் திறந்து சொருகினேன்.

சுற்றியது.
சொடக்கு இல்லை.

எதை முதலில் எடுப்பதென்று
ராத்திரி முழுக்கப் பட்டியல் போட்டிருந்தேன்,
முதல் பெயர் தங்கராசு.
கை நடுங்கி, எல்லாவற்றையும் மொத்தமாய்ப் பிடித்து இழுத்துவிட்டேன்.
"மீதம் மூன்று மணி நேரம்" என்றது,
உடனே "பத்தொன்பது நிமிடம்",
அப்புறம் "இரண்டு நாள்."
மலைரயில்கூட இத்தனை பொய் சொல்லாது.
ஆங்கில அகரவரிசையில் ஏறியது.
பதினோரு நிமிடம்.
ஒரு நீளமான சீறல், டடக்,
அதோடு சரி.

வந்து சேர்ந்தது ஒரே கல்யாணம். ஆன்சிலா.
முழுசாக, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று படம்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு மழைநாளில் கூப்பிட்டு
"அக்கா, எல்லாத்தையும் அழிச்சிருங்க" என்றவள்.
நான் ஏன் என்று கேட்கவில்லை.
"அழிச்சாச்சும்மா" என்றேன்.
அழிக்கவில்லை. சோம்பல்தான்.
லைட்டிங்கும் நன்றாக வந்திருந்தது.

கோயில் படியில் அவள் நெட்
ரோஜா முள்ளில் மாட்டியிருக்கிறது.
குனிந்து தானே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.
நாலு படி மேலே அவன் போனில்.
அடுத்தடுத்து ஏழு படம்.
ஏழிலும் போனில்.
அன்றைக்கு நான் ஃபோகஸ் மட்டும்தான் பார்த்தேன்.

அனைத்தையும் தேர்ந்தெடுத்தேன். அழி.
"உறுதியாகவா?" ஆம்.
குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.
சொன்ன தேதி தப்பு,
சொன்னது இப்போது பொய் இல்லை.

வெளியே தெளிப்பான்கள் ஓட ஆரம்பித்துவிட்டன,
வெயில் ஏறி இலை கருகுமுன் பனியைக் கழுவ.
தங்கராசுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கவருக்குள் அந்த ஒரு பிடி அரிசி
ஈரமில்லாமல் நன்றாகத்தான் இருக்கிறது.
உலையில் சேர்த்துவிட்டேன்.