முத்திரை

குலசேகரம் ஆபீசில்
காலையில் மெயிலைத் திறந்தால்
காதுக்குள் அந்தக் குரல்:
படம். படம். பெயரில்லாப் படம்.
சுற்றறிக்கையை ஸ்கேன் பண்ணி
அப்படியே அனுப்பியிருக்கிறார்கள்.
தகரக்கூரையில் மழை வேறு.

டீ முடிந்து ஜெபசிங் வந்து வாசிப்பான்,
பாதியில் அவனுக்குப் போன் வரும்,
தேதி போய்விடும்.
ரப்பர் மானியக் கூட்டம்
எனக்கு அப்படித்தான் போனது.

நேற்று தக்கலையிலிருந்து றோஸ்லெட் அனுப்பியது
எழுத்தாகவே வந்தது:
வியாழன், பதினொன்று, மாடி அறை,
படி பதினாலு, கைப்பிடி இடப்பக்கம்.
அடியில் ஒரு படம்.
அதற்கும் வாயிருந்தது:
"முத்திரை. சாய்ந்து விழுந்துவிட்டது சார், மை கூடிப்போச்சு."

பதினெட்டு வருச சர்வீஸ்.
எனக்க ஆபீஸ் முத்திரை
வட்டமா சதுரமா,
அவளிடம்தான் கேட்கணும்.